கோழிக்குப் புரட்டாசி தெரியாது, கண்ணு!

வா கண்ணு, உக்காரு. எம்.பி.ஏ. முடிச்சுட்டியாம், நாமக்கல்லுக்குப் பக்கத்துல கோழிப்பண்ணை வெக்கப் போறியாம், உங்கம்மா சொன்னா. அப்புச்சிக்கு ஒரே சந்தோசம். படிச்ச புள்ள பண்ணைக்கு வந்தா கோழிகூட கொஞ்சம் நிமிந்து நிக்கும்.

பர்ச்சேசுக்கு ஒரு ஆளு, புரொடக்சனுக்கு ஒரு ஆளு, சேல்சுக்கு ஒருத்தன், மார்க்கெட்டிங்குக்கு ஒருத்தன்னு லேப்டாப்புல நாலு கட்டம் போட்டுக் காட்டுன பாரு, ரொம்ப லட்சணமா இருந்துச்சு. கட்டத்துக்கு ஒரு கலரு வேற! எங்க காலத்துல அந்த நாலும் ஒரே ஆளோட வேட்டி முடிச்சுல கெடந்துச்சு. நீ அப்படி இருந்துராத. நாலு பேரும் அவனவன் சோலியை மட்டும் பாக்கட்டும். ஒரே வருசத்துல பண்ணையை மூடிப்போடலாம். எப்படின்னு சொல்றேன், கேட்டுக்க.

மொதல்ல பர்ச்சேசுக்காரன். முட்டைக்கோழி ஒண்ணு ஒரு நாளைக்குச் சுமாரா 110 கிராம் தீவனம் தின்னும். 10,000 கோழிக்கு 1,100 கிலோ, தெனமும், ஞாயித்துக்கெழமை உட்பட. செலவுல பெரும்பங்கு இதுக்கே போயிரும். அதனால உன்ற ஆளு எங்கயோ ஈர மக்காச்சோளம் மலிவா வருதுன்னு லோடு லோடா எறக்குவான். கிலோவுக்கு ஒரு ரூவா மிச்சம்னு உன்கிட்ட வந்து கையும் குலுக்குவான். நாலே நாள்ல சோளத்துல பூஞ்சை பூக்கும். நஞ்சு தீவனத்துல ஏறும், கோழி முட்டையைக் கொறைக்கும். அவனுக்கென்ன, அவன் கட்டத்துல லாபம்தானே!

அடுத்தது புரொடக்சன். குஞ்சு எறக்கி 20 வாரம் வாக்குலதான் முட்டை வைக்க ஆரம்பிக்கும். பொறவு ரெண்டு மாசத்துல உச்சத்துக்குப் போயிரும். நீ மாசியில மொத்தக் குஞ்சையும் ஒரே வீச்சுல எறக்கிப்போடு. உச்சம் கரெக்டா புரட்டாசியில வந்து நிக்கும். ஊரே பெருமாளுக்கு விரதம் இருக்கறப்ப உன்ற செட்டுல முட்டை குவியும். 100 கோழிக்கு 90 முட்டைன்னு புரொடக்சன்காரன் மீசையை முறுக்குவான். கோழிக்குப் புரட்டாசியும் தெரியாது, பெருமாளும் தெரியாது. மில்லுன்னா ஸ்விட்சை நிறுத்திப்போடலாம், கோழிக்கு ஏது ஸ்விட்சு?

அப்பத்தான் சேல்சுக்காரன் எந்திரிப்பான். சரக்கு தேங்கிருச்சு, வெயில்ல முட்டை நிக்காது. பண்ணைக்காரங்க அமைப்பு என்.இ.சி.சி. ஒரு வெலை சொல்லும், யாவாரி அதுல இருந்து இத்தனை பைசா மைனசுன்னு கேப்பான். கேட்ட மைனசைக் குடுத்து, கடனுக்கும் குடுத்து, டார்கெட்டை முடிச்சுட்டு வந்துருவான். மார்க்கெட்டிங்குக்காரன் சும்மா இருப்பானா? கோழிக்குக் கண்ணாடி மாட்டி லோகோ வரைவான், இன்ஸ்டாகிராம்ல உன்ற பேர்ல பக்கம் தொறப்பான். ஊரு விரதம் முடிச்சு முட்டை கேட்டு வர்றப்ப, நீ பயந்துபோயி பாதிக் கோழியை வித்திருப்ப. வெளம்பரம் இருக்கும், முட்டை இருக்காது.

சிரிக்காத கண்ணு, நடக்கறதுதான்.

வெளம்பரம் வேண்டாம்னு நான் சொல்லல. 1982-ல கோழித் தொழில்ல இருந்த பி.வி. ராவ் முன்ன நின்னு என்.இ.சி.சி.யை ஆரம்பிக்கறதுக்கு முந்தி, யாவாரி வெச்சதுதான் வெலை. தீவனக் காசுகூட தேறாம எத்தனையோ பண்ணை மூடிருச்சு. பண்ணைக்காரங்க ஒண்ணா சேந்து எங்க வெலையை நாங்க சொல்றோம்னாங்க. பொறவு டி.வி.யில வெளம்பரம் குடுத்தாங்க. எந்தப் பண்ணை பேரும் அதுல இல்ல. கெழமை பாக்காம முட்டை தின்னுங்கன்னு மட்டும் சொன்னாங்க. தின்னறவன் கூடுனா எல்லாரு முட்டையும் விக்கும்னு எம்.பி.ஏ. படிக்காத அந்த மனுசங்களுக்குப் புரிஞ்சிருந்துச்சு. உனக்கு ரெண்டாவது வருசப் பாடத்துல வந்திருக்கும்.

அரசாங்கமும் ஒரு பெரிய வாடிக்கைதான். சத்துணவுல 1989-ல ரெண்டு வாரத்துக்கு ஒரு முட்டைன்னு தொடங்குனது, 2010-ல வாரத்துக்கு அஞ்சு நாளுன்னு ஆச்சு. ஆனா மே மாசம் பள்ளிக்கூடம் லீவு. உன்ற கோழிக்கு லீவு உண்டா? இல்ல. ஊரு முட்டை முழுசையும் ஊரே தின்ன முடியாதுன்னுதான் கேரளாவுக்கு லாரி போவுது, வளைகுடாவுக்குக் கப்பல் போவுது. 2022-ல கத்தார்ல உலகக்கோப்பை பந்தாட்டம் நடந்தப்ப நம்மூரு முட்டைக்கு அங்க கிராக்கி. பந்து ஒதைச்சவன் ஒருத்தன், காசு பாத்தவன் நாமக்கல்காரன்!

இப்ப சித்த அக்கட்டால பாரு. ராசிபுரம், ஆத்தூர் பக்கம் குச்சிக்கெழங்கு அரைச்சு ஜவ்வரிசி பண்றாங்களே, அவங்க கணக்கு நம்ம கணக்குக்கு நேர் எதிர். நவராத்திரி வந்தா மராட்டிய சீமையில விரதம். அரிசி, கோதுமை தொட மாட்டாங்க, ஜவ்வரிசிக் கிச்சடிதான் சாப்பாடு. அதே நாள்ல இங்க நம்ம முட்டை படுத்துரும். ஒரு விரதம், ரெண்டு யாவாரம். ஒருத்தன் கண்ணைத் தொடைக்கறான், ஒருத்தன் கல்லாப்பொட்டியைத் தொடைக்கறான்.

அந்தத் தொழிலு வந்த வழியும் வெவரமானதுதான். ரெண்டாவது உலகப் போருல வெளிநாட்டு ஜவ்வரிசி வர்றது நின்னுபோச்சு. 1943-ல சேலத்துக் கருவாட்டு யாவாரி மாணிக்கம் செட்டியாரும், பினாங்குல இருந்து வந்த போபட்லால் ஷாவும் கூடி இங்கயே பண்ண ஆரம்பிச்சாங்க. கருவாடு வித்தவரு விரதச் சாப்பாடு பண்ணுனாரு பாரு, அதுதான் யாவாரம்! வாங்கறவன் வாசல்ல நின்னு பாத்தாரு, பொறவுதான் மில்லைப் பாத்தாரு.

மில்லு பெருகுனதும் அங்கயும் அதே கதை. சரக்கை வெக்க எடமில்ல, கையில காசில்ல, யாவாரி கேட்ட வெலைக்குத் தள்ளி விட்டாங்க. 1981-ல கூட்டுறவா சேகோசர்வ் வந்துச்சு. சரக்கை அங்க குடோன்ல வெச்சு முன்பணம் வாங்கிக்கலாம். சாம்பிளைப் பாத்து யாவாரிங்க மறைமுக டெண்டர்ல வெலை போடுவாங்க. வெலை புடிக்கலீன்னா காத்திருக்கலாம். காத்திருக்கற தெம்பு இருந்தாத்தான் கண்ணு விக்கறவன், இல்லீன்னா தள்ளி விடறவன்தான்.

ஆனா அங்கயும் ஒரு கோணல். வாங்கறவன் பளிச்சுன்னு வெள்ளையா வேணும்னான். சில பேரு அதுக்காக மருந்து போட்டு வெளுத்தாங்க, மக்காச்சோள மாவையும் கலந்தாங்க. அதிகாரிங்க மில்லு மில்லா ஏறுனாங்க. கலக்காதவன் சரக்கையும் சேத்துச் சந்தேகப்பட்டாங்க. 2023-ல சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடு கெடைச்சிருச்சு. அந்த முத்திரைக்கு மரியாதை வேணும்னா, வாங்கறவன் கேட்டாலும் சிலதைத் தர மாட்டேன்னு சொல்லப் பழகோணும்.

அதனால இப்படிச் செய்யி. நாலு கட்டத்தையும் அழிக்க வேண்டாம், நாலு பேரையும் தெனம் காலையில ஒரே திண்ணையில உக்கார வெய்யி. விரதம் எப்ப, லீவு எப்பன்னு சேல்சுக்காரன் சொல்லட்டும். அதைக் கேட்டுப் புரொடக்சன்காரன் குஞ்சைப் பிரிச்சுப் பிரிச்சு எறக்கட்டும், புரட்டாசிக்கு முந்தியே கெழட்டுக் கோழியைக் கழிக்கட்டும். அதுக்குத் தக்கன பர்ச்சேசுக்காரன் தீவனம் வாங்கட்டும். மார்க்கெட்டிங்குக்காரன் இன்னொரு ஊருல புது வாயைத் தேடட்டும். லோகோ பொறவு வரைஞ்சுக்கலாம்.

லேப்டாப்பு இருக்கட்டும் கண்ணு, நாளைக்கே ரெண்டு பஞ்சாங்கம் வாங்கு. நம்மூருது ஒண்ணு, வடக்கத்தியது ஒண்ணு. வாடிக்கைக்காரன் என்னிக்குத் திங்கறான், என்னிக்குத் திங்க மாட்டான்னு தெரியாதவன் யாவாரம் பண்ணக் கூடாது, கோழி மேய்க்கலாம்.