வாடகைச் சபைக்கு ஒரு கையேட்டு விண்ணப்பம்

கனம் தலைவர் அவர்கட்கு,

கொழும்பில், வெள்ளவத்தையில் கையிருப்பை எல்லாம் கொட்டி ஒரு பிளாட் வாங்கி வாடகைக்கு விடுகிறவர்களும், கொட்டாஞ்சேனையில் அப்பாச்சி விட்டுப்போன வீட்டை வைத்துக்கொண்டு முழிக்கிறவர்களும் பெருகிவிட்டார்கள். பிள்ளை ரொறன்ரோவில், வீடு இராமகிருஷ்ண வீதியில், திறப்பு பக்கத்து வீட்டு அக்காவிடம். இவர்களுக்கென்று ஒரு கையேடு போடுவது தங்கள் சபைக்கு அழகு. தங்களுக்கு நேரமிராது என்பதால் வரைவை நானே எழுதிவிட்டேன். கையெழுத்து மட்டும் போதும்.

முதலில் கொட்டாஞ்சேனை. 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டத்துக்குள் அகப்பட்ட பழைய வீடு என்றால், முதலீட்டாளர் செய்யக்கூடியது சட்டத்தைக் கும்பிட்டுக்கொண்டு இருப்பதுதான். வாடகை அந்தக் காலத்து மதிப்பீட்டைப் பிடித்தபடி நிற்கும். குடியிருப்பவர் காலமானால் மனைவி, பிள்ளை என்று உரிமை இறங்கும். வீட்டுக்காரரின் உறுதியைவிடக் குடியிருப்பவரின் பற்றுச்சீட்டுக்கு மதிப்பு அதிகம். வீட்டுக்காரரின் முகத்தில் முழிக்க விருப்பமில்லாவிட்டால் குடியிருப்பவர் வாடகையை மாநகர சபையில் கட்டலாம். வீட்டுக்காரர் கையில் கொடுத்ததாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். அந்தக் காசை எடுக்கப் போகிறவர் தயவுசெய்து ஓட்டோ பிடிக்க வேண்டாம். பஸ்ஸில் போனால் ஏதாவது மிஞ்சக்கூடும். கூரையைத் திருத்துவது யாருடைய பொறுப்பு என்ற வழக்கு முடியுமுன் கூரை முடிந்துவிடும் என்பதையும் கையேட்டில் தடித்த எழுத்தில் போடவும்.

வெள்ளவத்தை வேறு நாடு. 1980ஆம் ஆண்டுத் திருத்தத்தோடு புது வீடுகள் தங்கள் கையைவிட்டுப் போய்விட்டன. மூன்று மாத வாடகைக்கு மேல் முற்பணம் வாங்கக்கூடாது என்று தாங்கள் காத்துவரும் விதி பிளாட்டின் லிப்ட் வரைக்கும் வருவதில்லை. அங்கே வருடக் கணக்கில்தான் அட்வான்ஸ் பேசுவார்கள். கொழும்பில் பாட்டன் காலத்து வீட்டில் இருக்கும் பேரனுக்குச் சட்டம் குடை பிடிக்கும். பிள்ளையின் படிப்புக்காக மன்னாரிலிருந்து நேற்று வந்த குடும்பத்துக்குப் புரோக்கர்தான் சட்டம்.

ஒப்பந்த விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பகிடியை விட்டுவிட்டு எழுதியிருக்கிறேன். ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன் எழுதப்பட வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். வெள்ளைக்காரன் போனான், விதி போகவில்லை. ஆனாலும் புத்தகக் கடைப் படிவத்தில் இரண்டு வருட ஒப்பந்தம் எழுதி, முத்திரைக்கு மேல் கையெழுத்து வைத்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறார்கள். நொத்தாரிசுக் காசை மிச்சம் பிடிப்பவர் அதைப் பிறகு சட்டத்தரணிக்கு வட்டியோடு கொடுப்பார். குத்தகைக்கு விட்ட இடத்தை விரைவாக மீட்க 2023இல் 1ஆம் இலக்கச் சட்டம் வந்திருக்கிறது. கடதாசி ஒழுங்காக இருந்தால்தான் அந்த வாசலில் நிற்கலாம். இனி வருமானம். வெள்ளவத்தையில் கணக்குப் போடும்போது கடலையும் சேர்க்க வேண்டும். மரைன் டிரைவ் பக்க யன்னல் கிறில்லுக்கு எந்தப் பெயின்ற் அடித்தாலும் திருகாணியிலிருந்து துரு கீழே கோடு இழுக்கும். தண்ணீர் மோட்டார், லிப்ட், மெயின்டனன்ஸ் எல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவதுதான் வாடகை. சோலைவரியை ஜனவரி 31க்கு முன் முழு வருடத்துக்கும் கட்டினால் 10 சதவீதக் கழிவு. அரசாங்கம் தரும் கழிவை விடக்கூடாது.

அடுத்த அத்தியாயம், குடி எழுப்புதல். இதற்கு வருடக்கணக்காகும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். அரசாங்கமே நடத்திக்காட்டிய துரித முறை ஒன்று இருக்கிறதே! 2007 ஜூன் 7ஆம் திகதி கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டை விடுதிகளிலிருந்து 376 தமிழர்களை விடியுமுன் எழுப்பி, பஸ் ஏற்றி, வவுனியாவுக்கும் அதற்கு அப்பாலும் அனுப்பினார்கள். அறிவித்தல் இல்லை, வழக்கு இல்லை, அட்வான்சைத் திருப்பிக் கொடுக்கும் தலையிடியும் இல்லை. அடுத்த நாளே உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போட்டது, பிரதமர் மன்னிப்பும் கேட்டார். ஆகையால் இந்த முறை தனியாருக்குப் பொருந்துமா என்பதைத் தாங்கள்தான் தெளிவுபடுத்த வேண்டும்.

கையேட்டின் முன்னுரைக்கு, கொழும்பில் வாடகைக்கு இருப்பவர்களின் தொகை தேவைப்படலாம். தங்கள் கோப்புகளைக் கிளற வேண்டாம். யுத்தகாலம் முழுக்க நிரப்பிக் கொடுத்த பொலிஸ் பதிவுப் படிவங்கள் இருக்கின்றன. 2023இலும் வீடுவீடாகப் படிவம் வந்தது, எம்.பி. மனோ கணேசன் ஆட்சேபித்தார். பக்கத்துப் பொலிஸ் நிலையத்தில் கேட்டால் பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர் சகிதம் தருவார்கள்.

இங்ஙனம்,
ஒரு பிளாட்டும் அரை வீடும் உள்ளவர்