சிறுநீரை விடுங்கோ, பல்லை எண்ணுங்கோ

விசுவமடுவிலே ஒரு விளையாட்டுப் புகழ்மண்டபம் கட்டலாம் என்று யோசிக்கிறேன். பரந்தன்–முல்லைத்தீவு வீதியோரம் காணி பார்க்கலாம். காணி கிடைக்காவிட்டாலும் அடிக்கல் நாட்டிவிடலாம். அதற்குக் காணி தேவையில்லை என்பது எங்கள் மாவட்டத்து அனுபவம். கல்லிலே அமைச்சரின் பெயர் பெரிதாகவும், இடம் மிஞ்சினால் விளையாடியவரின் பெயர் சிறிதாகவும் வரும். யாரை உள்ளே விடுவது என்பதற்குத்தான் சட்டதிட்டம் வேண்டும். அமெரிக்காவின் கூப்பர்ஸ்டவுனில் பேஸ்போல்காரருக்கு இப்படியொரு மண்டபம் இருக்கிறது. அதைப் பார்த்தே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

பரி பொண்ட்ஸ் என்று ஒருவர். எங்கடை எல்லேக்குத் தூரத்துச் சொந்தமான அந்த விளையாட்டில் 762 தடவை 'ஹோம் ரன்' அடித்தவர். 2001இல் ஒரே பருவத்தில் 73. இரண்டிலும் அவருக்கு மேலே ஆளில்லை. மருந்தடித்தாரா? 2003இல் விசாரணை மன்றில் ஏறி, பயிற்சியாளர் தந்ததை ஆளிவிதை எண்ணெய் என்றும் மூட்டுநோவுக்குப் பூசும் களிம்பு என்றும் நினைத்ததாகச் சொன்னார். சித்தாலேப பூசிப் பூசியே வயதுபோன எங்கடை சனத்தில் ஒருவரும் இன்னும் 73 அடிக்கவில்லை. பரவாயில்லை, நம்பச் சொன்னால் நம்புகிறோம். எத்தனை ஆணைக்குழு அறிக்கைகளை நம்பிய சனம் நாங்கள்!

2022 ஜனவரியில் பத்தாவதும் கடைசியுமான தடவையாக அவருக்குப் பத்திரிகையாளர்கள் வாக்குப் போட்டார்கள். 75 வீதம் வேண்டும், கிடைத்தது 66. வாசல் சாத்தியாயிற்று. நல்ல காரியம் என்று கைதட்ட எழும்பினால், அதே வாக்கெடுப்பில் டேவிட் ஓட்டிஸ் என்பவர் முதல் தடவையிலேயே உள்ளே போகிறார். 2003இன் இரகசியச் சோதனையில் அகப்பட்டவர்களில் இவரும் ஒருவர் என்று 2009இல் நியூயோர்க் டைம்ஸ் எழுதியது. ஸ்டீரொயிட் தொட்டதே இல்லை என்பது அவருடைய மறுப்பு. இருவர் மீதும் உள்ள சாட்சியம் ஒரே கனம் அல்ல, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வாக்குப் போட்ட கைகளில் இன்னொரு தராசும் இருந்தது. ஓட்டிஸ் வாய்நிறையச் சிரிப்பார், கட்டிப்பிடிப்பார். பொண்ட்ஸ் பத்திரிகைக்காரரைக் கண்டால் முகத்தைத் திருப்புவார்; உடைமாற்றும் அறையில் தனக்கென்று தனிச் சாய்மனைக் கதிரையும் தொலைக்காட்சியும் வைத்திருந்தார்.

ஆகவே எங்கள் மண்டபத்தின் முதலாம் விதி: சிறுநீர் மட்டும் காணாது, பல்லையும் எண்ணவேண்டும்.

இரண்டாம் விதிக்கு இதைவிட நல்ல முன்னுதாரணம் கிடைத்தது. 1994இன் வேலைநிறுத்தத்தோடு பேஸ்போலை விட்டுப்போன சனத்தைத் திருப்பிக் கூட்டிவந்தது 1998இல் மக்வயர், சோசா என்ற இரண்டு அடிகாரர் போட்டிபோட்டு அடித்த அடி. அந்தக் கழுத்தும் கையும் எப்படி வந்தன என்று கேட்கக்கூடிய பதவியில் இருந்தவர்களுக்கு அன்று கண் தெரியவில்லை, ரிக்கற் விற்றுக்கொண்டிருந்தது. தண்டனையோடு கூடிய சோதனை வந்தது 2004இல். அந்தக் காலம் முழுவதும் ஆணையாளர் கதிரையில் இருந்தவர் பட் செலிக். 2017இல் அவரை அதே மண்டபத்தில் வெண்கல முகத்தோடு மாட்டினார்கள். ஊசி போட்டவன் வெளியே. ஊசிக்குக் கதவு திறந்திருந்த கட்டடத்தின் காவல்காரர் உள்ளே. பதவியில் இருந்தவருக்குச் சோதனை கிடையாது என்று விதி எழுதினேன். எழுதும்போது ஊர் ஞாபகம் வந்தது.

அமெரிக்கக் கதை எங்களுக்கு எதற்கு என்கிறீர்களா? பொண்ட்ஸின் பெயர் அடிபட்ட, ஊக்கமருந்து கொடுத்த பல்கோ என்ற அதே கலிபோர்னியா நிறுவனத்தில்தான் அமெரிக்க ஓட்டக்காரி மரியன் ஜோன்ஸின் பெயரும் அடிபட்டது. 2000 செப்டெம்பரில், சிட்னி ஒலிம்பிக்கில், 200 மீற்றரில் முதலாவது அந்த ஜோன்ஸ். மூன்றாவது சுசந்திகா ஜயசிங்க. 1948இல் டங்கன் வைற் வென்ற பிறகு இலங்கைக்கு ஒலிம்பிக் பதக்கம் அதுதான். அது போர்க்காலம்; விசுவமடுவில் அப்போது பற்றறி அரசு தடைசெய்த பொருள். சைக்கிளைக் கவிழ்த்து, டைனமோ சுற்றி வானொலி கேட்ட காலம். எங்களுக்கும் அந்த அரசுக்கும் இருந்த கணக்கு வேறு. ஆனால் வரக்காப்பொலைப் பக்கத்து ஏழைப் பெட்டை ஒருத்தி ஓடியது ஓட்டந்தானே.

அவவை நாடு எப்படி நடத்தியது? 1998இல் நன்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து எடுத்தா என்று சொல்லி நிறுத்திவைத்தார்கள். பிறகு குற்றமில்லை என்று விடுவித்தார்கள். மேலிடத்து ஒருவரின் பாலியல் தொல்லைக்கு இணங்காததற்கு இது பழிவாங்கல் என்று அவ பகிரங்கமாகச் சொன்னா. அதோடு முடிந்தது கதை. வேகக்காரி என்ற பெயர் போய் வாய்க்காரி என்ற பெயர் வந்தது. இதே காலத்தில் ஜோன்ஸ் சஞ்சிகை அட்டைகளில் சிரித்துக்கொண்டிருந்தார். 2007இல் அழுது ஒப்புக்கொண்டார். விசாரணையாளருக்குப் பொய் சொன்னதற்காக 2008இல் சிறை போனார். 2009 டிசம்பரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. ஒன்பது வருடம் பிந்திய வெள்ளி. உலகம் பார்த்துக்கொண்டிருந்த அந்த இரவின் மேடையை எந்தக் கூரியரில் அனுப்புவது? 2017இல், காசில்லை, பதக்கத்தை விற்கப்போகிறேன் என்று அவ சொன்னபோது, திமிரைப் பார் என்றவர்களும் இந்த நாட்டில் இருந்தார்கள்.

கிரிக்கெட்டிலும் இதே பல் கணக்குத்தான். ஷேன் வோர்ன் 2003இல் தடைசெய்யப்பட்ட மாத்திரையில் அகப்பட்டார். அம்மா தந்தவ என்றார். ஒரு வருடத் தடை. 2004இல் திரும்பிவந்து காலியில் 500ஆவது விக்கெட், கைதட்டல். அதே வருடம் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்ட், முரளிதரன் பந்தை எறிகிறவர்தான் என்று திருவாய் மலர்ந்தார். மாத்திரை விழுங்கியவர் குறும்புக்காரர், பிறக்கும்போதே முழங்கை மடங்கியவர் கள்ளன்.

சரி, பொண்ட்ஸின் சாதனைக்குக் கறை உண்டா? உண்டு. அந்த 73இல் எத்தனை கையின் அடி, எத்தனை போத்தலின் அடி என்று இனி ஒருவராலும் பிரிக்க முடியாது. மருந்தில்லாமல் எறிந்து, அவரிடம் அடிவாங்கி, வேலை போய் வீடு திரும்பியவர்களின் பெயரும் எங்களுக்குத் தெரியாது. 1993க்குள்ளேயே மூன்று தடவை சிறந்த வீரர் விருது வாங்கிய மனிதனுக்கு அந்த எண்ணெய் எதற்கு என்பதுதான் என் ஆத்திரம். ஆனால் அவரின் உம்மென்ற மூஞ்சிக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. மூஞ்சியைக் குற்றப்பத்திரிகையில் சேர்ப்பவன் மருந்தைப் பற்றிக் கதைக்கவில்லை. தனக்கு வணக்கம் வைக்காததைப் பற்றிக் கதைக்கிறான்.

அந்த ஆட்கள் எங்களிடமும் இருக்கிறார்கள். இல்ல மெய்வல்லுநர் போட்டி என்றால் பிள்ளைகள் காலை எட்டு மணிக்கே வெயிலில் அணிவகுத்து நிற்கும். பிரதம விருந்தினர் பத்தரைக்கு வருவார். பந்தலுக்குள் இருந்து ஒழுக்கத்தைப் பற்றி அரை மணித்தியாலம் பேசுவார். வெறுங்காலோடு நூறு மீற்றரில் முதலாவதாக வந்த பிள்ளை, சப்பாத்து ஒன்று தாங்கோ சேர் என்று கேட்டால், திறமை இருக்கு, பணிவு காணாது என்பார்கள்.

விசுவமடுப் பெற்றோரே, அடுத்த போட்டிக்குப் பிரதம விருந்தினர் வந்து மாலையோடு கதிரையில் இருந்ததும், தேத்தண்ணிக்கு முதல் மூடியோடு ஒரு சின்னப் போத்தலை அவர் கையில் கொடுங்கோ. பிள்ளைகளின் போத்தல் பிறகு.