சகலையும் சர்வீஸ் புத்தகமும்

ஓசூரில் மெஷினுக்கு இருக்கிற மரியாதை மாமனாருக்குக்கூடக் கிடையாது. 1980இல் அசோக் லேலண்ட் இங்கே ஆலை போட்டது. அதே வருடம் டிவிஎஸ் 50 இங்கேதான் பிறந்தது. 2002இல் டிவிஎஸ் மோட்டாருக்கு ஜப்பான்காரர்கள் டெமிங் விருதே கொடுத்தார்கள். சிப்காட்டில் ஏதாவது ஒரு ஷெட்டுக்குள் எட்டிப் பாருங்கள். கம்ப்ரஸர் பக்கத்தில் ஓர் அட்டை தொங்கும்: ஆயில் எப்போது, ஃபில்டர் எப்போது, கையெழுத்துப் போட்டவர் யார். தேதி தாண்டினால் ஷிப்ட் இன்சார்ஜுக்கு வியர்த்துவிடும்.

அந்த வியர்வை கம்பெனி கேட்டைத் தாண்டியதும் காய்ந்துவிடுகிறது. என் சகலை ஒரு கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறார். பேரிங் சத்தத்தைக் கேட்டே, கிரீஸ் வைத்து எத்தனை நாளாயிற்று என்று சொல்லிவிடுவார். அவருடைய காரில் மட்டும் டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு போன தீபாவளியிலிருந்து எரிகிறது. கண்ணைக் கூசுகிறது என்று அதன்மேல் சந்திரசூடேஸ்வரர் கோயில் விபூதிப் பொட்டலத்தைச் சாய்த்து வைத்திருக்கிறார்.

“ஆயில் மாத்தி ஒன்றரை வருஷம் ஆச்சேண்ணா?”

“வண்டி எங்கப்பா ஓடுச்சு? ஆறாயிரம்கூடத் தாண்டல.”

பெரும்பாலான பெட்ரோல் கார்களின் புத்தகத்தில் 10,000 கிலோமீட்டர் அல்லது 12 மாதம், எது முந்துகிறதோ அது என்று போட்டிருக்கும். சகலைக்கு எது பிந்துகிறதோ அது. ஓடாத வண்டிக்கு எதற்கு ஆயில் என்பது அவர் கட்சி. உண்மையில் அப்படிப்பட்ட வண்டிதான் அதிகம் அடிபடுகிறது. வீட்டிலிருந்து சிப்காட்டுக்கு நாலு கிலோமீட்டர். இன்ஜின் நன்றாகச் சூடேறுவதற்குள் பார்க்கிங் வந்துவிடும். சூடு போதாததால் உள்ளே சேரும் நீராவியும் எரியாத பெட்ரோலும் வெளியேற வழியில்லாமல் ஆயிலிலேயே குடியேறுகின்றன. சனிக்கிழமை பெங்களூர் போனாலோ அத்திப்பள்ளியிலும் பொம்மசந்திராவிலும் நிற்கிற நிலையில் இன்ஜின் ஓடும், மீட்டர் தூங்கும். புழுதி, நெரிசல், குட்டிப் பயணம் எல்லாம் இருந்தால் கெடுவுக்கு முன்பே சர்வீஸ் விடு என்று அதே புத்தகத்தில் கொஞ்சம் தள்ளிப் போட்டிருக்கிறது. அந்தப் பக்கம் வரை படித்தவர் எங்கள் குடும்பத்தில் நான் ஒருவன்தான். அதனால் எனக்கு ‘புக்கு’ என்று பெயர்.

சகலை சர்வீஸே செய்வதில்லை என்று சொல்லமாட்டேன். ஆயுத பூஜை இருக்கிறதே. கழுவி, சந்தனம் வைத்து, முகப்பில் வாழைக்கன்று கட்டி, பூசணிக்காய் உடைத்து, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைப்பார். பழம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொரு டயர் பக்கமாகக் குனிந்து பார்ப்பாரே, அதுதான் அந்த வருடத்து டயர் இன்ஸ்பெக்‌ஷன்.

நான் பிரேக் ஆயில் மாற்றப் போனபோது ஒருமுறை கூடவே வந்தார். ஓசூர் சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, கிருஷ்ணகிரி சுமார் 500. ஐம்பது கிலோமீட்டரில் அவ்வளவு இறங்குகிறோம், லாரிகளுக்கு நடுவே. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். புதிய டாட் 4 கொதிக்க 230 டிகிரியாவது வேண்டும். ஈரம் ஏறியது 155க்கே கொதிக்கலாம். கொதித்தால் குமிழி, குமிழி வந்தால் பெடல் தரைக்குப் போகும். மெக்கானிக் இதையெல்லாம் பேசவில்லை. பழையதை ஒரு சிரிஞ்சில் உறிஞ்சி, புதியதை இன்னொன்றில் எடுத்து, இரண்டையும் சகலை முகத்துக்கு நேரே பிடித்தார். ஒன்று விளக்கெண்ணெய் நிறம், மற்றது ஃபில்டர் காபி டிகாஷன். சகலை இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “எங்க பிளான்ட்ல ஹைட்ராலிக் ஆயில இவ்ளோ கருக்க விடவே மாட்டோம்” என்றார்.

ஒழுங்காகச் சர்வீஸ் விடுகிற காருக்கு நேர்கிற கதியைப் புத்தகத்தில் யாரும் எழுதவில்லை. அது ஊர்ப் பொதுக் காராகிவிடும். தேவனஹள்ளி விமான நிலையத்துக்கு விடியற்காலையில் யாரைக் கொண்டுபோய் விடுவதென்றாலும் என் கார்தான். மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி போய் செந்தூரா பெட்டி ஏற்றி வருவதும் அதுதான். ஆடி வரை ஏசியைப் போட்டால் மாம்பழ வாசனை வரும். இதனால் 10,000 கிலோமீட்டர் எனக்கு வருடம் முடியுமுன்பே வந்துவிடுகிறது. சகலைக்குக் காலம் முந்துகிறது, எனக்குத் தூரம். ஆக, புத்தகம் எழுதியவனுக்கு எங்கள் இரண்டு பேரையும் தெரிந்திருக்கிறது.

இத்தனைக்கும் மேலே ஆடிட் வேறு. போன மாதம் சகலை என் காரில் உட்கார்ந்து, கிளவ் பாக்ஸிலிருந்து சர்வீஸ் நோட்டை எடுத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாகப் படித்தார்.

“போன 5,000ல வீல் அலைன்மென்ட் பண்ணலையே?”

“பண்ணேண்ணா, எழுத மறந்துட்டேன்.”

“எழுதலேன்னா பண்ணலேன்னுதான் அர்த்தம். எங்க கம்பெனியா இருந்தா மெமோ கொடுத்திருப்போம்.” நோட்டை மூடினார். “சரி, அடுத்த ஆயில் சர்வீஸ எப்படியாவது புரட்டாசிக்கு முன்னாடி முடிச்சிரு. மூணாவது சனிக்கிழமை திருப்பதி. எல்லாரும் வர்றோம்.”

“உங்க வண்டி?”

“அதை நம்பிக் குடும்பத்தோட அவ்ளோ தூரம் போக முடியுமாப்பா?”