மிஸிஸ் சிப்பியும் முதல் ஆணும்

கொழும்பு நட்சத்திர ஹோட்டல்களில் கம்பனிக்காரருக்குத் தலைமைத்துவப் பயிற்சி நடந்தால், மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் எப்படியும் ஷாக்கில்டன் வந்துவிடுவார். 1914இல் அந்தாட்டிக்காவைக் குறுக்காகக் கடக்கப் புறப்பட்டு, கண்டத்தில் காலே வைக்காமல், 'என்டியூரன்ஸ்' கப்பலை வெடல் கடல் பனிக்குப் பறிகொடுத்து, கூடப்போன 27 பேரையும் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தவர். பெரிய விஷயம்தான். மறுகரையில் இவருக்காகச் சாப்பாடு கொண்டுபோய் வைத்த குழுவில் மூன்றுபேர் செத்துப்போனதைப் பயிற்சியாளர்கள் தேத்தண்ணி இடைவேளைக்குத் தள்ளிவிடுவார்கள். தோல்வியை இவ்வளவு வடிவாக விற்ற மனிசன் வேறில்லை.

அவருக்கு வந்து குவிந்த விண்ணப்பங்களில் ஒன்று மூன்று இளம் பெண்கள் சேர்ந்து எழுதியது. நல்ல தேகசுகம், எந்தக் கஷ்டத்துக்கும் தயார், எங்கள் உடுப்பு இடைஞ்சலென்றால் ஆம்பிளை உடுப்பே போடுகிறோம் என்றார்கள். பெண்களுக்கு இடம் காலியில்லையென்று மரியாதையாகப் பதில் போனது.

சரி, இடம் ஆருக்குக் கிடைத்தது? புவனஸ் அயர்ஸில் களவாக ஏறி அலுமாரிக்குள் ஒளிந்திருந்த பேர்ஸ் பிளாக்பரோ என்ற பொடியனுக்கு. சாப்பாடு முடிந்தால் முதலில் உன்னைத்தான் தின்போம் என்று ஷாக்கில்டன் வெருட்டினாராம். பிறகு வேலையும் கொடுத்தார். கடிதம் போட்டுக் கேட்டவர்களுக்கு இல்லை, கேளாமல் ஏறியவனுக்கு உண்டு. தச்சரோடு ஒரு பூனையும் போனது. பெயர் மிஸிஸ் சிப்பி. அந்தக் கப்பலில் 'மிஸிஸ்' பட்டத்தோடு இருந்த ஒரே சீவன். அதுவும் கடுவன்! கப்பல் நொறுங்கியபின் அதைச் சுடச்சொல்லி உத்தரவானது. எல்லாரையும் காப்பாற்றிய கணக்கில் பூனை சேராது.

1947இல் ஃபின் ரோனே என்ற அமெரிக்கர் தன் மனைவி ஜாக்கியை அந்தாட்டிக்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அத்தனை ஆம்பிளைகளுக்குள் ஒருத்தியை மட்டும் எப்படி விடுவது? விமானி ஹரி டார்லிங்டனின் மனைவி ஜெனியும் துணைக்குச் சேர்ந்தார். பெண்கள் வந்தால் சண்டை வரும் என்று கப்பலில் ஒரே முறுமுறுப்பு. சண்டை வரத்தான் செய்தது, புருசன்மாருக்குள். அந்தக் கோபத்தின் மிச்சத்தில் மனைவிமாரும் கதைபேச்சை நிறுத்திக்கொண்டார்கள்.

அமெரிக்கக் கடற்படை அதற்குப் பிறகும் 1969 வரை பெண்களை ஏற்ற மறுத்தது. வசதியில்லையாம். வசதி என்றால் மலசலகூடம். இலங்கையைவிட இருநூறு மடங்கு பெரிய கண்டம் அது, ஒரு கக்கூசுக்கு இடமில்லை. அந்த வருசம் நவம்பரில் ஆறு பெண்கள் தென்துருவத்தில் விமானத்தின் சாய்தளத்தில் கைகோத்து நின்று, ஒரேயடியாகப் பனியில் கால்வைத்தார்கள். ஸ்கொட்டும் அமுண்ட்செனும் அடிச்சுப்பிடிச்சு ஓடிய அதே இடத்தில் 'முதல் ஆர்' என்ற வழக்கையே எழவிடாமல் முடித்துவைத்தார்கள். ஹோட்டல் பயிற்சியில் இதை ஒருத்தரும் சொல்லக் காணேன்.

பக்கத்து வீட்டு இந்தியா 1983இல் தன் மூன்றாவது அந்தாட்டிக்காப் பயணத்தில்தான் பெண்களை அனுப்பியது. கடலியல் படித்த அதிதி பந்த், பாறை படித்த சுதிப்தா சென்குப்தா. சுதிப்தா எவரெஸ்ட் புகழ் டென்சிங்கிடம் மலையேற்றம் பழகியவர். ஷிர்மாக்கர் குன்றுகளில் பாறைகளை ஆராய்ந்துவிட்டு வந்தவர், 1989இல் திரும்பவும் போனார். ஒருமுறை போய்வந்ததை ஆயுள் முழுக்கச் சொல்லித் திரிந்த வீரர்களை நினைத்தால், இவர் சரியான அடக்கம்.

எங்களுக்குக் குளிர் என்றால் ஏப்ரல் மாத நுவரெலியா. குரங்குத் தொப்பி, இரவல் சுவெட்டர். தென்துருவம் தோதுப்படாது. ஆனால் மூன்றாம் துருவம் என்று இமயத்தைச் சொல்வார்கள். டென்சிங் படிப்பித்த அதே டார்ஜிலிங் மலையேற்ற நிறுவனத்தில் பயின்ற ஜயந்தி குரு உதும்பால, பெண்ணுரிமைச் செயற்பாட்டாளர், 2016 மே 21 விடியற்காலை 5.03க்கு எவரெஸ்ட் உச்சியில் நின்றார். கூடப் புறப்பட்ட ஜொஹான் பீரிஸ், கொழும்பில் பேர்பெற்ற சிகையலங்காரக் கலைஞர், ஒட்சிசன் போதாமல் 8,400 மீற்றரில் திரும்பிவிட்டார். மிச்சம் ஏறக்குறைய நானூற்றைம்பது மீற்றர். வெள்ளவத்தையில் அது இரண்டு மூன்று ஒழுங்கைத் தூரம், அதற்கே நாங்கள் ஓட்டோ பிடிப்போம். எவரெஸ்ட்டில் வீம்புக்கு ஏறியவர்களின் பிரேதங்கள் வழிநெடுகக் கிடக்கின்றன. திரும்பியவர் உயிரோடு கொழும்புக்கு வந்து, 2018 மேயில் மறுபடி போய் உச்சியைத் தொட்டார்.

இப்போது பத்திரிகைக்காரருக்குத்தான் சிக்கல். மற்ற நாடுகளில் பெரும்பாலும் முதலில் ஆண் ஏறுவார், கனகாலம் கழித்து ஒருத்தி ஏறுவாள், 'முதல் பெண்' என்று பெட்டிச் செய்தி போடலாம். இங்கே 'முதல் இலங்கையர்' பட்டம் ஜயந்தியோடு போய்விட்டது. ஜொஹானுக்கென்று தேடிப் பார்த்ததில் மிஞ்சியது ஒன்றுதான்: எவரெஸ்ட் ஏறிய முதல் இலங்கை ஆண்.