ஆகாய கங்கையும் சமயபுரத்தாளும்

கேள்வி: கொல்லிமலை ஆகாய கங்கையில் குளித்தால் தீராத நோயும் தீருமாமே? (வாசகி, சமயபுரம்)

பதில்: முழங்கால் வலிக்காரர்கள் மட்டும் யோசித்துப் போகட்டும். அருவிக்கு இறங்க ஆயிரத்துக்கும் மேல் படிகள். அத்தனையும் திரும்ப ஏறியாக வேண்டுமே!

மற்றபடி அந்த மலையின் கீர்த்தி சும்மா வந்ததில்லை. காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள். மேலே, சித்தர்கள் மூலிகை தேடித் தங்கியதாகச் சொல்லும் குகைகள். அறப்பளீஸ்வரர் கோயில் ஓடை மீன்களை யாரும் தொடுவதில்லை. குழம்புக்கு அறுத்த மீன் ஒன்று, துண்டுகள் பொருந்தித் துள்ளி ஓடியதாம். தையலே போடாத அறுவை சிகிச்சை! அந்த ஓடை நீர்தான் ஐயாறாகி, நம் மாவட்டத்துப் புளியஞ்சோலைக்கு இறங்கி வருகிறது.

குளித்தால் அலுப்பு பறக்கும், மனசு லேசாகும். அதற்காக டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். உங்கள் ஊரையே பாருங்கள். அம்மை கண்டவர்களை வேப்பிலையோடு தனியே படுக்கவைத்து, சமயபுரத்து மாரியாத்தாளை வேண்டிக்கொண்டார்கள். தடுப்பூசியும் போட்டுக்கொண்டார்கள். 1975-க்குப் பிறகு பெரியம்மை இந்தியாவில் தலைகாட்டவில்லை. ஆத்தாள் கோபித்துக்கொள்ளவும் இல்லை. இன்றும் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள், இளநீர், பானகம், நீர்மோரோடு நமக்காகப் பச்சைப் பட்டினி கிடக்கிறாள். இந்தத் தாயிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மலையேறுங்கள். அடைமழையில் மட்டும் வேண்டாம், பாறை வழுக்கும்.