சாவிக்கொத்துச் சித்தர்

அவருடைய சாவிக்கொத்தில் வீட்டுச் சாவி, வண்டிச் சாவி, ஒரு பென்டிரைவ். எது தொலைந்தால் அவர் சாப்பிடமாட்டார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் மனிதர்களின் நலம் பிறகுதான். "மாமா, அந்தப் பழைய லேப்டாப் எப்படி இருக்கு?"

"ஹார்ட் டிஸ்க் போயி ரொம்ப நாளாச்சுப்பா."

"அப்படியா!" முகம் மலர்ந்துவிடும். செத்த உடலைத் தேடிக் கூடுவிட்டுக் கூடு பாய்கிறவர் ஆயிற்றே. 2011 முதல் தமிழக அரசு கொடுத்த இலவச லேப்டாப்புகளில் எது யார் வீட்டுப் பரணில் கிடக்கிறது என்ற கணக்கு அவற்றை வாங்கித் தந்த எல்காட் நிறுவனத்திடம் இருக்கிறதோ என்னவோ, இவரிடம் உண்டு.

பென்டிரைவைச் செருகுவார். அதிலிருந்து லேப்டாப்பை எழுப்ப உதவும் பூட் மெனு கம்பெனிக்குக் கம்பெனி வேறு கீயில் ஒளிந்திருக்கும். எஃப்2, எஃப்12, எஸ்கேப், டெலிட் என்று எதையும் விட்டுவைக்கமாட்டார். கொஞ்ச நேரத்தில் 'லொள் லொள்' என்று ஸ்பீக்கர் குரைக்கும். அத்தை வாசலை எட்டிப் பார்ப்பார்.

"நாய் இல்லை அத்தை, பப்பி லினக்ஸ். ஹார்ட் டிஸ்க் இல்லாமலே ஓடுற ஆபரேட்டிங் சிஸ்டம். ஆஸ்திரேலியாவிலே பேரி காலர்னு ஒருத்தர் 2003லே ஆரம்பிச்சது. சில நூறு எம்பிதான். மொத்தமும் ராம்ல ஏறிடும். இப்போ பாருங்க..." பென்டிரைவைப் பிடுங்கிக் காட்டுவார். திரை அப்படியே இருக்கும். கைதட்டல் வரும் என்று அரை நிமிடம் காத்திருப்பார். காபி வரும்.

காபியோடு உபகதை. டைனி கோர் என்று இன்னொரு குட்டி லினக்ஸ், 20 சொச்சம் எம்பிதானாம். டேம் ஸ்மால் லினக்ஸ் ஒரு காலத்தில் 50 எம்பியைத் தாண்டாமல் கட்டுடம்போடு இருந்ததாம். 2024இல் திரும்பி வந்தபோது 700 எம்பி. சொல்லும்போதே குரல் தழுதழுக்கும். வெளிநாடு போன தங்கை பெருத்து வந்தால்கூட இவ்வளவு வருந்தமாட்டார்.

"சரிப்பா, இதிலே ரயில் டிக்கெட் பிரிண்ட் எடுக்கலாமா?"

இந்த இடத்தில்தான் உலகம் அவரைப் புரிந்துகொள்ளத் தவறுகிறது. பிரிண்டருக்கு டிரைவர் தேட வேண்டும். தமிழ் எழுத்துக்கு ஃபான்ட் போடும்வரை கட்டம் கட்டமாகத் தெரியும். அதெல்லாம் அவருக்குச் சில்லறை விஷயம். ஓட வைப்பதோடு அவர் வேலை முடிந்தது. ஓடுவதை வைத்து என்ன செய்வது என்பது கம்ப்யூட்டர் சொந்தக்காரர்களின் கவலை.

இதற்குள் மாமா நம்பிக்கையோடு, கிரகப்பிரவேசத்துக்கு அழைக்க வேண்டியவர்கள் பட்டியலை அரை மணி நேரம் தட்டியிருப்பார். அணைக்கும்போது 'சேமிக்கவா?' என்று பப்பி கேட்கும். இவர் வேண்டாம் என்று அழுத்திவிடுவார்.

"எங்கேப்பா நான் அடிச்சது?"

"போயிடுச்சு மாமா. ஒரு தடயமும் இருக்காது. அதான் இதோட பாதுகாப்பே!"

மாமா எழுந்துபோய்ப் பழைய டைரியை எடுத்து வருவார். இவர் பக்கத்து வீட்டு ஜன்னலில் தூசி படிந்த ஒரு மானிட்டரைப் பார்த்துவிட்டிருப்பார்.

"அவங்க நமக்குப் பழக்கமா மாமா?"