பொக்கேயை எந்தத் தலையில வெக்கிறது?

வா நைனா, குந்து. வர்ற வெள்ளிக்கிழமை பொண்ணு வூட்டுல பூ வெக்கிற விசேஷம்னு ஒங்கப்பன் சொன்னான். சந்தோஷம். நீ பெங்களூர்லேர்ந்து பொக்கே ஆர்டர் போட்டுட்டியாமே? செவப்பு ரோஜா, சுத்தி கண்ணாடிக் காயிதம், கீழ ரிப்பன். ரொம்ப சந்தோஷம். இந்தக் கெழவனுக்கு ஒரே ஒரு சந்தேகம். அந்தப் பொக்கேயை அந்தப் பொண்ணு தலையில எப்பிடி வெப்பாங்க? கயிறு போட்டுக் கட்டுவாங்களா, இல்ல ஹெல்மெட்டு மாதிரி மாட்டுவாங்களா?

பூ வெக்கிறதுன்னா தலையில வெக்கிறதுடா. நம்ம வூட்டுப் பொம்பளைங்க போயி அந்தப் பொண்ணு தலையில நாலு மொழம் மல்லியை வெச்சுட்டு வந்தா, பேச்சு முடிஞ்சுது, இனிமே வேற யாரும் ஜாதகத்தைத் தூக்கிக்கினு இந்த வாசல் மிதிக்காதீங்கன்னு ஊருக்கே சேதி. கையெழுத்து கெடையாது, முத்திரைத் தாள் கெடையாது. அவ்ளோ பெரிய வேலையைச் செய்யற பூவை நீ கண்ணாடிக் காயிதத்துல சுத்தி சோபா மேல வெச்சுட்டு வரப் போறே.

ஒன் போன்ல ஒரு லிஸ்டு வெச்சுக்கினு கீறே, பாத்தேன். செவப்பு ரோஜான்னா காதல், மஞ்ச ரோஜான்னா சிநேகம், வெள்ளைன்னா இன்னாவோ. அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தெரியுமா ஒனக்கு? 1717ல துருக்கிக்குப் போன வெள்ளக்காரத் தூதரோட பொண்டாட்டி மேரி வோர்ட்லி மாண்டேகு. அங்க பூவையும் பழத்தையும் முடிஞ்சு அனுப்பியே சேதி பேசிக்கிறாங்கன்னு ஊருக்குக் காயிதம் எழுதுனாங்க அந்தம்மா. அப்பால 1819ல பாரீசுல ஷார்லோட் த லத்தூர்னு புனைபேர் வெச்சுக்கினு ஒருத்தர் பூவுக்கெல்லாம் அர்த்தம் போட்டு ஒரு புஸ்தகம். 1884ல லண்டன்ல கேட் கிரீனவேன்னு ஒரு அம்மா அழகா படம் போட்டு இன்னொண்ணு. அந்த லண்டன் புஸ்தகத்துல ஒன் மஞ்ச ரோஜாவுக்கு இன்னா அர்த்தம் தெரியுமா? காதல் கொறைஞ்சு பூடுச்சு, பொறாமை வந்துடுச்சு. அதே மஞ்ச ரோஜாதான் இன்னிக்கு ஒன் போன்ல சிநேகிதம் கொண்டாடுது.

இன்னொண்ணு கேளு. ஆயுத பூஜைக்கு லாரி மூஞ்சில சரம் சரமா தொங்க வுடறோமே செண்டுமல்லி, அதுக்கு அந்த லண்டன் அம்மா போட்ட அர்த்தம் கீழ்த்தரமான புத்தி! அது பொறந்த ஊரு மெக்சிகோ. அங்க நவம்பர் மாசம் மொத ரெண்டு நாளு செத்தவங்க வூட்டுக்கு வழி தெரிஞ்சு வரணும்னு அந்தப் பூவைத்தான் கொட்டிப் பாதை போடறாங்க. ஒரே பூவு. லண்டன்ல கீழ்ப்புத்தி, மெக்சிகோவுல ஆவிக்கு வழிகாட்டி, நம்ம கணியம்பாடில லாரிக்கு மாலை. இதுல எதை நம்பி நீ பொக்கே கட்டறே?

லிஸ்டுதான் வேணும்னா நம்மகிட்ட இல்லியா? வெள்ளக்காரன் காதலுக்குப் போட்டான், நம்ம ஆளு சண்டைக்கே போட்டுட்டான். காலேஜ் வாசல்ல, பேங்கு வாசல்ல செவசெவன்னு வேலி கட்டி நிக்கிதே இட்லிப்பூ, அதுதான் வெட்சி. அந்தக் காலத்துல அதைச் சூடிக்கினு ஒரு கூட்டம் வந்தா, மாட்டை ஓட்டிக்கினு போவ வந்திருக்கான்னு அர்த்தம். பறிகொடுத்தவன் கரந்தையைச் சூடிக்கினு தொரத்துவான். நெல்லறுத்த கழனில ஊதாக் கலர்ல உருண்டையா பூக்குமே கொட்டக்கரந்தை, அதுதான்னு சொல்றாங்க.

சொம்மா கதைன்னு நெனைக்காதே. நம்ம ஜவ்வாது மலைக்கு அந்தாண்ட செங்கம் பக்கம் போய்ப் பாரு. மாடு மீட்கப் போயி செத்தவங்களுக்குப் பல்லவ ராஜா காலத்துல நட்ட கல்லுங்க ஊரூரா கீது. 1972ல தொல்லியல் துறை ‘செங்கம் நடுகற்கள்’னு புஸ்தகமே போட்டுது. கல்லுல செத்தவன் பேரு கீது, ஊரு கீது, அப்ப எந்த ராஜாவுக்கு எத்தினியாவது ஆட்சி வருஷம்னு கணக்கும் கீது. ஒன் வாட்ஸப்புல அனுப்பற ரோஜாப் பூவுக்கு எவனாவது கல்லு நடுவானா?

நம்ம வேலூர்க் கோட்டையை வெச்சே மிச்சத்தைச் சொல்றேன், சுளுவா புரியும். கோட்டையை வளைச்சுக்கினு வெளிய நிக்கிறவன் உழிஞை சூடணும். உள்ள இருந்து காக்கறவன் நொச்சி சூடணும். உழிஞைன்னா முடக்கத்தான்னு படிச்சவங்க சொல்றாங்க. ஒங்க ஆயா முட்டி வலிக்குன்னு தோசை மாவுல அரைச்சு ஊத்தறாளே, அதே கீரை. நொச்சி ஒனக்கே தெரியும், சளி புடிச்சா ஆவி புடிக்கிறது. எதிரியும் நம்மாளும் இப்ப ஒரே அடுப்பாண்ட ராசி ஆயிட்டானுங்க. நேருக்கு நேரா நின்னு வெட்டிக்கிற அன்னிக்கு ரெண்டு பக்கமும் தும்பை. ஜெயிச்சவன் வாகை. பேப்பர்ல எலக்ஷன் முடிஞ்ச அன்னிக்கு ‘வாகை சூடினார்’னு கொட்டை எழுத்துல போடறான். எழுதுனவனை ரோட்டோரம் இஸ்துக்கினு போயி, இதுல எது வாகை, எது தூங்குமூஞ்சின்னு கேளேன். தூங்குமூஞ்சியைக் காட்டுவான். அது சீமைலேர்ந்து வந்த மரம், அதைச் சூடிக்கினு எந்த ராஜாவும் ஜெயிக்கல.

ராஜாக்களுக்கு வேற தனிப் பூவு. சோழனுக்கு ஆத்தி, பாண்டியனுக்கு வேம்பு, சேரனுக்குப் பனை. ஏன்னு தொல்காப்பியத்துலயே காரணம் கீது: கும்பல்ல வெட்டிக்கிறப்ப எவன் நம்மாளு, எவன் அந்தாளுன்னு தெரியணும். அவ்ளோதான் விஷயம். புனிதமும் கெடையாது, புடலங்காயும் கெடையாது. 1973ல திண்டுக்கல் இடைத்தேர்தல்ல ரெட்டை எலை ஜெயிச்சுது பாரு, அதுவும் இதே கணக்குதான். தாமரையும் மாம்பழமும் அப்பிடியே. எலையும் பூவும் பழமும் இல்லாம நம்ம ஊருல ஓட்டுச்சீட்டு அடிக்க முடியாது.

இப்ப ஒன் விஷயத்துக்கு வர்றேன், காதல். அந்தக் காலத்துல ஒருத்தன் ஆசைப்பட்ட பொண்ணு கெடைக்கலேன்னா, பனங்கருக்குல குதிரை கட்டி, எருக்கம்பூவும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேத்து மாலையாப் போட்டுக்கினு தெருவுல வருவான். மடல் ஏறறதுன்னு பேரு. மானம் போனா போவுதுன்னு கிளம்பறது. பனங்கருக்கு ரம்பமாட்டம் கிழிக்கும், தெரியுமில்ல? ஊரே வேடிக்கை பாக்கும், பொண்ணு வூட்டுக்காரன் வெக்கப்பட்டுக்கினு ஒத்துப்பான். நீ பைக்கை முன்சக்கரம் தூக்கி ஓட்டிக்கினு போறதும் ஏறக்குறைய அதேதான், ஆனா எருக்க மாலை போட்டுக்கினா ஜனம் ஒதுங்கி வழி வுடும். அதே ஆவாரம்பூவும் பூளைப்பூவும் கொங்கு நாட்டுப் பக்கம் பொங்கலுக்கு முன்னே வேப்பிலையோட சேத்து வூட்டுக் கூரையில காப்புக் கட்டறாங்க. அங்க வெக்கங்கெட்ட மாலை, இங்க வூட்டுக்குக் காவல்.

எருக்கு கதை இன்னும் கீது, கேளு. வூட்டுல எருக்கு மொளைச்சா குடி அத்துப் போச்சுன்னு நம்ம ஊருல சாபம் வுடுவாங்க. அதே எருக்கம்பூ மாலைக்குப் பிள்ளையார் சதுர்த்தி அன்னிக்கு வேலூர் மார்க்கெட்டுல அடிதடி. சாமி எருக்கை வேணாம்னு தள்ளாதுன்னு கபிலரே பாரி வள்ளலைப் பத்திச் சொல்றப்ப சொல்லியிருக்காரு. சரி, கடல் தாண்டிப் போவோம். ஹவாய்த் தீவுல 1891லேர்ந்து 1893 வரைக்கும் ஆண்ட லிலியுவோகலானி ராணிக்கு ரொம்பப் புடிச்ச மாலை எந்தப் பூவு? நம்ம எருக்கு! அங்க அது ராஜகளைக்கு அடையாளம். கோர்த்துக் கழுத்துல போட்டு மரியாதை பண்றாங்க. நம்ம ஏரிக்கரையில அதைக் காசு குடுத்து வாங்க ஆளில்ல. ஏற்றுமதி யோசனை இருந்தா நீ பாரு, எனக்கு வயசாச்சு.

நீ ஆன்சைட்டுன்னு பிரான்சுக்குப் போவேன்னு ஒங்கம்மா பீத்திக்கினா. போனா, எவன் வூட்டுக்காவது விருந்துக்குக் கூப்பிட்டா, சாமந்தி வாங்கிக்கினு போயிடாதே. அங்க நவம்பர் ஒண்ணாந்தேதி கல்லறையில வெக்கிற பூவு அது. ஒன்னைப் பாத்துட்டு யாரு செத்துட்டாங்கன்னு கேப்பான். ஜப்பான்காரனுக்கு வெள்ளைச் சாமந்தி சாவுக்கும் உண்டு, ஆனா சக்கரவர்த்தியோட முத்திரையும் பதினாறு இதழ் சாமந்திதான். பாஸ்போர்ட்டு அட்டையிலயே போட்டு வெச்சிருக்கான். நம்மாளு இந்தக் கவலையே இல்லாம கல்யாண மாலை, கருமாதி மாலை ரெண்டுக்கும் ஒரே கடையில ஒரே சாமந்தியை வாங்கறான். பூக்காரனுக்கு ரெண்டும் போணி.

செங்காந்தளை வுட்டுட்டேன் பாரு. நம்ம தமிழ்நாட்டு அரசுப் பூவு, ஜிம்பாப்வேக்காரனுக்கும் தேசியப் பூவு. பொண்ணுங்க விரலைக் காந்தள்னு புலவனுங்க வரிசையா வர்ணிச்சானுங்க. கிழங்கைத் தின்னா ஆளு காலி, அவ்ளோ விஷம். புலவனுங்க அனுபவஸ்தனுங்கன்னு ஒரு வாட்டி ஒங்க ஆயாகிட்ட சொன்னேன். “அந்தச் செடியிலேர்ந்தே கீல்வாதத்துக்கு மருந்து எடுக்கறாங்க, அதையும் எழுதச் சொல்லு ஒம் புலவனை”ன்னா. அவ சொன்னதும் நெசந்தான்.

படவேடு ரேணுகாம்பா கோயிலுக்கு ஆடி வெள்ளில போயிருக்கியா? கண்ணமங்கலம் தாண்டி, மலை அடிவாரம். ஜனங்க வேண்டிக்கினு வேப்பிலையைச் சேலையாக் கட்டிக்கினு கோயிலைச் சுத்தறாங்க. பாண்டிய ராஜா தலையில இருந்த வேம்புதான் அது. வாசல்ல வேப்பிலை சொருவி இருந்தா உள்ள அம்மை போட்டிருக்குன்னு அர்த்தம், வெளியாளு உள்ள போவ மாட்டான். டாக்டரும் போர்டும் இல்லாத காலத்துல ஊரே படிச்ச போர்டு அது. பெரியம்மை ஒழிஞ்சுதுன்னு 1977ல இந்தியாவுக்கு சர்ட்டிபிகேட்டு குடுத்துட்டாங்க. வேப்பிலை இன்னும் வாசலை வுட்டு எறங்கல.

திருவண்ணாமலைக்காரங்க தாழம்பூவை சிவன் கோயிலுக்குள்ள சேக்க மாட்டாங்க. அடி முடி தேடுன கதையில பிரம்மாவுக்காகப் பொய் சாட்சி சொல்லிடுச்சாம். பொய் சொல்லச் சொன்ன பிரம்மாவுக்குக் கோயில் கொறைஞ்சுது, சாட்சிக்கு ஆயுள் தண்டனை. நம்ம கோர்ட்டும் சில நேரம் அப்பிடித்தான். பொம்பளைங்க அதைச் சட்டை பண்ணாம சடையில வெச்சுத் தச்சாங்க, கமகமன்னு இருந்துச்சு.

கோட்டைக்குள்ள ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துல ஒரு வாட்டி அண்ணாந்து பாரு. கூரையில கல்லுல விரிஞ்ச பூவு, அதைச் சுத்தித் தலைகீழாத் தொங்கற கிளிங்க. கைடு வந்து தாமரைன்னா தூய்மை, ஞானம்னு ஆரம்பிப்பான். கிளிங்க இன்னா ஞானத்துக்கா வந்துச்சு? பூவைக் கொத்த வந்துச்சு. சிற்பி கண்ணால பாத்ததைச் செதுக்கினான்னுதான் நான் நெனைக்கிறேன்.

ஒண்ணு மட்டும் வெளையாட்டா சொல்ல மாட்டேன். புருஷன் செத்தா பொம்பளை தலைலேர்ந்து பூவை எடுக்கறானுங்களே, அந்த அர்த்தத்தை எழுதுனவன் எவனோ, அவன் நல்லா இருக்க மாட்டான். பொறந்ததுலேர்ந்து வெச்ச பூவு, புருஷன் குடுத்ததா அது? வெள்ளிக்கிழமை விசேஷத்துல, புருஷன் போயிட்டான்னு ஒங்க பெரியத்தையை மூலையில குந்த வெச்சா, நான் எழுந்து பூடுவேன். மொதப் பூவை அவ கையாலதான் வெக்கணும். அந்தப் பொண்ணு வூட்டுல எதுனா மொணகுனா எங்கிட்ட அனுப்பு.

சரி, பொக்கே. அனுப்பிட்ட காசு திரும்ப வராது, கொண்டா, டீவி மேல வெப்போம். தலைக்கு மல்லி நான் பாத்துக்கறேன். பனி இன்னும் வுடல, வரத்து கம்மி, மல்லி வெலை ஏறித்தான் இருக்கும். பங்குனிக்கு மேலதான் மலியும். மொழக்கணக்குல மட்டும் வாங்கிடாதே நைனா, பூக்காரி கை எவ்ளோ நீட்டோ அவ்ளோதான் மொழம். உதிரியா எடை போட்டு வாங்கு. ஆயா கட்டிடுவா.